எந்த அதிகாரத்தில் இந்தச் சட்டம்?

2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சட்டம் உயிரை விட்டது. இணையத்தில் பணம் வைத்து ரம்மியும் போக்கரும் ஆடுவதைத் தடுக்க, 2020 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் அது. ரம்மியில் கையிருப்பைத் தொலைத்து, கடன் வாங்கி, அதையும் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த காலம். டீக்கடையில் நின்று கேட்டிருந்தால், பத்துக்கு ஒன்பது பேர் தடை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் சட்டம் நிற்கவில்லை.

அன்றைய தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜியும் நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தியும் அடங்கிய அமர்வு சூதாட்டத்துக்குப் பரிந்து பேசவில்லை. ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது. கிண்டி குதிரைப் பந்தயத்தையும் 1996இல் அதே பட்டியலில் சேர்த்தது. திறமை விளையாட்டை நடத்துவது ஒரு தொழில். தொழில் செய்வது அரசியல் சட்டத்தின் 19ஆவது கூறு தரும் உரிமை. அதைக் கட்டுப்படுத்தலாம், நெறிப்படுத்தலாம். அடியோடு தடை செய்வதென்றால், அது ஏன் அவசியம், குறைவான கட்டுப்பாடு ஏன் போதாது என்று காட்ட வேண்டும். சட்டம் இயற்றிய நேரத்தில் போதிய காரணம் காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். முறையாக வேறு சட்டம் கொண்டுவர அரசுக்குத் தடையில்லை என்று கதவையும் திறந்தே வைத்தது.

அரசின் நோக்கத்தைப் பலரும் ஏற்றிருந்தும், அதற்கான நியாயம் தாளில் இல்லாததால் ஒரு சட்டம் விழுந்தது. இதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? அந்தச் சட்டம் காப்பாற்றியிருக்க வேண்டிய குடும்பங்கள்தான்.

சட்டமன்ற உறுப்பினரின் மேசைக்கு வரும் மசோதாவின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்ற தலைப்பில் சில பத்திகள் இருக்கும். இன்ன பிரச்சினை இருக்கிறது, இன்னதைச் செய்ய அரசு முடிவெடுத்திருக்கிறது, மசோதா அதற்குச் செயல்வடிவம் கொடுக்கிறது. பெரும்பாலும் அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் கூடுதலாக இரண்டு குறிப்புகள் உண்டு. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா என்றால், எவ்வளவு செலவு என்று ஒரு நிதிக் குறிப்பு வைக்க வேண்டும். விதிகள் போடும் அதிகாரத்தை அதிகாரிகளிடம் விடுகிற மசோதா என்றால், எதை விடுகிறது என்று இன்னொரு குறிப்பு. மக்களவை விதிகள் 69, 70 கேட்பவை இவை. குடிமக்களின் எந்த அடிப்படை உரிமையில் மசோதா கை வைக்கிறது, எந்த நியாயத்தில் வைக்கிறது என்பதற்குக் குறிப்பு கேட்கும் விதி எதுவும் இல்லை. பணத்துக்குக் கணக்கு எழுதும் சபை, உரிமைக்குக் கணக்கு எழுதுவதில்லை.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இதற்கென்று ஒரு விதி போட்டது. 2011 ஜனவரி 5இல் புதிய சபை கூடியபோது, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை அதைக் கொண்டுவந்தது. மசோதா தாக்கல் செய்பவர், அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் மசோதாவை வாங்கமாட்டார்கள். எழுதியது சபையின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் அச்சாகும். மறுநாள் அரசியல் சட்டத்தையே சபையில் உரக்க வாசித்தார்கள். இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டதில் ஒரு பகுதி விட்டுப்போனது தனி வேடிக்கை.

விதி என்ன சாதித்தது? பல உறுப்பினர்கள் ‘கூறு 1, பிரிவு 8’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட அந்த நாடாளுமன்றத்தின் அத்தனை அதிகாரங்களும் அடங்கிய பிரிவு அது; முகவரி கேட்டவரிடம் “மெட்ராஸ்” என்று சொல்வது போல. எழுதியது சரியா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. செனட் சபைக்கு இப்படி ஒரு விதியும் இல்லை. சீட்டு கேட்டால் மட்டும் போதாது, சீட்டில் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்கவும் ஆள் வேண்டும்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 1998ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, மசோதா கொண்டுவரும் அமைச்சர், இது மனித உரிமைகளுக்கு இசைவானது என்று அறிவிக்க வேண்டும். அல்லது, அப்படிச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் அரசு இதை முன்னெடுக்க விரும்புகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புகலிடம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் மசோதாவை 2023 டிசம்பரில் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி, இரண்டாவது வாக்கியத்தைத்தான் முகப்பில் அச்சிட்டார். மசோதா சட்டமானது. ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கை தூக்கினோம் என எந்த உறுப்பினரும் பிறகு சொல்ல முடியாது.

தமிழ்நாடு இரண்டாம் முறை முயன்ற கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அந்த மாதமே அறிக்கை வந்தது. மாணவர்களிடம் ஏற்பட்டிருக்கும் பாதிப்பைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பொதுமக்களிடம் கேட்டதற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்தன. இதையெல்லாம் வைத்து அவசரச் சட்டம், பிறகு 2022 அக்டோபர் 19இல் மசோதா. சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரமே இல்லை என்று சொல்லி 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்ப, மார்ச் 23இல் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நிறுவனங்கள் மீண்டும் நீதிமன்றம் போயின. 2023 நவம்பர் 9இல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் சட்டம் தப்பியது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டாகக் காட்டிய அட்டவணை மட்டும் விழுந்தது. நேரக் கட்டுப்பாடு, வயதுக் கட்டுப்பாடு போடலாம் என்றது நீதிமன்றம். அதை வைத்து, 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட முடியாது என்று 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. அதே ஆண்டு ஜூன் 3இல் அவற்றை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. முதல் தடவையே ஆதாரங்களைத் திரட்டியிருந்தால் நான்கு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இது அரசு தோற்ற கதை. குடிமக்கள் தோற்கும் கதை இன்னும் கசப்பானது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2008 டிசம்பரில் விவாதமே இல்லாமல் மக்களவையைத் தாண்டியது. ‘எரிச்சல்’ தரும் செய்தி அனுப்பினால்கூட மூன்றாண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் என்ன? சட்டத்தில் விளக்கம் இல்லை. 2012இல் புதுச்சேரியில் ஒருவர் ஒரு ட்வீட்டுக்காகக் கைதானார். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள். மும்பை கடையடைப்பைப் பற்றி ஒருவர் முகநூலில் எழுதினார், மற்றவர் அதற்கு ‘லைக்’ போட்டார். 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் பிரிவை ரத்து செய்தது. அதன் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்கு பதிவாகிக்கொண்டிருந்தது. இனி யார் மீதும் அப்படி வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

சட்டம் ஒன்று வந்துவிட்டால், அது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டு தொடங்கும். இல்லை என்று காட்டும் பாரம் வழக்குப் போடுபவர் தலையில். தீர்ப்பு வரும்வரை, தடையாணை கிடைக்காவிட்டால், சட்டம் நடைமுறையில் இருக்கும். கைதானவர் உள்ளே இருப்பார். அதனால்தான் மசோதாவாக இருக்கும்போதே கேள்வி கேட்பது மலிவு.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. பலருக்குத் தெரியாதது, மத்திய அரசு 2014 பிப்ரவரியில் வகுத்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை. ஒவ்வொரு அமைச்சகமும் வரைவுச் சட்டத்தைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஏன் தேவை, என்ன செலவு, அடிப்படை உரிமைகளையும் வாழ்வாதாரத்தையும் எப்படிப் பாதிக்கும் என்று விளக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும். அமெரிக்கச் சீட்டைவிடச் சிறந்த ஏற்பாடு. ஆனால் இது கொள்கை, சட்டமில்லை. முடியாது என்று நினைத்தால் காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் எழுதிவிட்டு அமைச்சகம் தாண்டிப் போகலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவை 2022 நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்ட அமைச்சகம், வரும் கருத்துகளை வெளியிடமாட்டோம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிட்டது.

நாடாளுமன்றக் குழுக்கள் இன்னொரு வாசல். மசோதா குழுவுக்குப் போனால், கருத்து அனுப்பச் சொல்லி நாளிதழ்களில் அறிவிப்பு வரும். தபாலில் ஒரு கடிதம் எழுதினாலும் கருத்துதான். ஆனால் 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17ஆவது மக்களவையில் 16 சதவீதம்.

தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுப்பவர்கள் கூடவே மக்களவை விதி 72ஐயும் குறிப்பிடலாம். அறிமுகக் கட்டத்திலேயே ஒரு மசோதாவை எதிர்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. சபைக்கு அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரமே இல்லை என்பது ஆட்சேபம் என்றால், முழு விவாதத்துக்குச் சபாநாயகர் அனுமதிக்கலாம். எத்தனை எம்.பி.க்களுக்கு இது நினைவிருக்கிறதோ!

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களை அரசே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4(1)(சி) பிரிவு. அமைச்சரவைக் குறிப்புகளுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் முடிவு எடுத்து விஷயம் முடிந்த பிறகு, முடிவையும் காரணங்களையும் அடிப்படை ஆவணங்களையும் வெளியிட வேண்டும் என்று 8(1)(ஐ) பிரிவின் விதிவிலக்கு சொல்கிறது. கலந்தாய்வு ஏன் நடக்கவில்லை என்று பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். சட்டம் வந்துவிட்ட பிறகு இருக்கவே இருக்கிறது, 226ஆவது கூற்றின்கீழ் உயர் நீதிமன்றமும் 32ஆவது கூற்றின்கீழ் உச்ச நீதிமன்றமும்.

நீதிமன்றம் போகாமலே ஜெயித்ததும் உண்டு. 2023 ஏப்ரல் 12இல் தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா அறிமுகமானது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்ய, ஏப்ரல் 21இல் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கிளம்பின. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார்.

ரம்மிக்கே திரும்புவோம். 2025 ஆகஸ்ட் 20இல், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் நாடு முழுவதும் தடை செய்யும் மசோதாவை மத்திய அரசு மக்களவையில் அறிமுகம் செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அன்றே, கூச்சலுக்கு நடுவே, மக்களவையில் நிறைவேறியது. 21ஆம் தேதி மாநிலங்களவை. 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. அடுத்த மாதமே, அந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.