பாலாற்றுப் பாறைகள் கறுத்த கணக்கு

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேசுவரன் மலைக்குப் போகிறவர்கள் பாலாற்றுச் சோதனைச்சாவடியில்தான் கர்நாடகத்துக்குள் நுழைகிறார்கள். இது வேலூர்ப் பாலாறு அல்ல. மலைக்காட்டிலிருந்து இறங்கி மேட்டூர் அணைக்கு மேலே காவிரியில் சேரும் சிற்றாறு. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை இந்தப் பகுதி மைசூர் மாவட்டத்தின் கடைக்கோடியாக இருந்தது. பெயரைக் கேட்டதும் பலருக்கு வீரப்பனும் 1993 கண்ணிவெடியும்தான் நினைவுக்கு வரும். நிலவியல்காரர்களுக்கு வேறொரு காரணத்துக்காக இந்தப் பகுதி முக்கியம். பூமியின் மேலோடு ஆழத்தில் எப்படி நிறம் மாறுகிறது என்ற கேள்விக்கு, நல்ல சாட்சிகள் இந்த மலைத்தொடரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன.

பிளிகிரிரங்கன் மலையும் மாதேசுவரன் மலையும் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறையால் ஆனவை. உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக மின்னும். பல்லாவரம், பரங்கிமலைக் குவாரிக் கல்லும் இதே இனம்தான். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கொல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் சென்னைப் பக்கத்துப் பாறை என்று அடையாளம் கண்ட தாமஸ் ஹாலண்டு, அந்த மனிதரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். 1900இல் அதைப் பற்றி விரிவான நூலும் எழுதினார். உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை என்பது அவர் முடிவு.

1916இல் அமெரிக்க வேதியியலர் எச்.எஸ். வாஷிங்டன் இந்தப் பாறைகளைப் பகுத்து எண்களை வெளியிட்டார். பரங்கிமலைக் கல்லில் முக்கால் பங்குக்கும் மேல் சிலிக்கா. அவ்வளவு சிலிக்கா உள்ள கல் பொதுவாக வெளிறிய கிரானைட்டாக இருக்கும். இதுவோ இருண்டு கிடக்கிறது. நிறத்தை நம்பிப் பாறையின் சேர்மானத்தைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

அந்த எண்கள் எப்படி வந்தன? கல்லை மாவாகப் பொடித்து, சோடியம் கார்பனேட்டுடன் சேர்த்துப் பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஆறிய கட்டியை அமிலத்தில் கரைத்து வற்றவைத்தால் சிலிக்கா தனியாகப் பிரியும். அதை வடிகட்டிச் சுட்டு எடை போடுவார்கள். பிறகு ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் விட்டால் சிலிக்கா ஆவியாகிப் போய்விடும். மறுபடி எடை போட்டால் எவ்வளவு போனது என்று துல்லியமாகத் தெரியும். மீதிக் கரைசலில் அம்மோனியா சேர்த்து இரும்பையும் அலுமினியத்தையும் இறக்கி, அடுத்து கால்சியம், அதற்கடுத்து மக்னீசியம். ஒரு கல்லுக்குப் பல நாள் பிடிக்கும். கடைசியில் எல்லா ஆக்சைடுகளையும் கூட்டினால் நூறை ஒட்டி வரவேண்டும்.

நூறு வந்துவிட்டால் விடை சரி என்று நம்பியிருந்தார்கள். அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை 1951இல் வெளியிட்ட ஓர் அறிக்கை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ஒரே கிரானைட் பொடியையும் ஒரே டயபேஸ் பொடியையும் பல ஆய்வகங்களுக்கு அனுப்பியபோது ஆளுக்கொரு விடை வந்தது. கூட்டுத்தொகை சரியாக இருந்தும் உள்ளே உள்ள எண்கள் ஒத்துப்போகவில்லை. இன்று எந்த ஆய்வகமும் தெரிந்த கல்லை உடன் வைத்துக்கொண்டுதான் தெரியாத கல்லை அளக்கிறது. அந்தப் பழக்கம் பரவ இந்த அறிக்கைதான் வழிவகுத்தது.

மைசூர் பக்கம் திரும்புவோம். மைசூர் அரசு நிலவியல் துறையின் இயக்குநராக இருந்த சி.எஸ். பிச்சமுத்து 1960இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். பாலாற்றுக்கு வடமேற்கே, கனகபுரம் பக்கம் உள்ள கப்பல்துர்காவில் சாலை ஜல்லிக்காக உடைக்கும் குவாரி ஒன்று உண்டு. அங்கே வரிவரியாக ஓடும் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் கறுத்த திட்டுகளும் நரம்புகளும் ஊடுருவி நின்றன. திட்டு தொடங்கும் இடத்தில் வரிகள் மங்குகின்றன, மணிகள் பருக்கின்றன, நிறம் கரும்பச்சையாகிறது. சார்னோகைட் எங்கிருந்தோ குழம்பாக வந்து சேரவில்லை, இருந்த பாறையே நின்ற இடத்தில் மாறியிருக்கிறது என்றார் பிச்சமுத்து. மாற்றம் பாதியில் நின்றுபோனதால்தான் நமக்கு முன்னும் பின்னும் ஒரே கல்லில் பார்க்கக் கிடைக்கிறது. தலைப்பிலேயே, உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோகைட் என்று சொல்லிவிட்டார்.

சாம்பல் பாதியையும் கறுத்த பாதியையும் தனித்தனியாகப் பகுத்தால் என்ன வரும்? முதல் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மாவில் இட்லியும் தோசையும் வருவதுபோல, ஏறக்குறைய அதே சேர்மானத்தில் வேறு கனிமங்கள். நைஸ் பாறையில் இருந்த கருமைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தம் படிகத்துக்குள் நீரைக் கட்டிவைத்திருப்பவை. சார்னோகைட்டில் அவை குறைந்து, நீரே இல்லாத பைராக்சீன் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் பாறை வறண்டிருக்கிறது. எது வறளவைத்தது என்பதில்தான் அறுபது ஆண்டாகச் சண்டை.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரியில் இருந்த ஏ.எஸ். ஜனார்த்தன், சிகாகோவின் ராபர்ட் நியூட்டன், எட்வர்ட் ஹேன்சன் மூவரும் தென் கர்நாடகத்திலும் வட தமிழகத்திலும் கல் சேகரித்து 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குள் கருவிகள் மாறியிருந்தன. எலெக்ட்ரான் கற்றையை ஒரு மணியின் மேல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத்துக்குக் குவித்து, எழும் எக்ஸ் கதிர்களிலிருந்து சேர்மானத்தைப் படிக்க முடிந்தது. கல்லை மாவாக்கத் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து மணிகளைத் தனித்தனியே கேட்கலாம். கார்னெட்டும் பைராக்சீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவை உண்டான வெப்பத்தைப் பொறுத்தது. அதனால் இந்த எண்களே வெப்பமானியாகின்றன. கப்பல்துர்கா பகுதிக்கு வந்த விடை ஏறத்தாழ 700 முதல் 750 டிகிரி, ஐந்து கிலோபாரை ஒட்டிய அழுத்தம். பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கே நீலகிரிக்குப் போகப் போக அழுத்தம் ஏறுகிறது. ஆக வடக்கிலிருந்து தெற்கே நடந்தால், மலை ஏறினாலும் பழைய பூமிக்குள் கீழே இறங்குகிறோம். பாலாறு அந்தப் படிக்கட்டின் நடுவில் இருக்கிறது.

வறளவைத்தது கரியமில வாயு என்று நியூட்டன் தரப்பு வாதிட்டது. ஆழத்திலிருந்து எழுந்த வாயு நீராவியைத் தள்ளி நீர்த்துப்போகச் செய்தால் மைக்கா நிலைக்க முடியாது. சான்று, படிகங்களுக்குள் சிக்கிய நுண்குமிழிகள். அவற்றைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து மெல்லச் சூடேற்றினால், உள்ளே இருப்பது சுத்தமான கரியமில வாயு என்றால் சரியாக கழித்தல் 56.6 டிகிரியில் உருகும். தென்னிந்தியச் சார்னோகைட் குமிழிகள் பல அப்படியே உருகின. அழகான சோதனை. ஆனால் ஒரு குமிழி எப்போது சிக்கியது என்பதை உருகுநிலை சொல்லாது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது.

பெரிய அடி வந்தது முழுப்பாறைப் பகுப்பாய்விலிருந்து. 1987இல் ஷ்டேலே, ரைத் முதலிய ஜெர்மன் ஆய்வாளர்கள் கப்பல்துர்காவில் நைஸையும் அதை ஒட்டிய சார்னோகைட்டையும் ஜோடி ஜோடியாக எடுத்து மிக நெருக்கமாக அளந்தார்கள். சேர்மானம் ஒன்றேதான் என்ற எண்ணம் தவறு என்று தெரிந்தது. பொட்டாசியமும் சிலிக்காவும் உள்ளே வந்திருந்தன. கால்சியம், இரும்பு, மக்னீசியம், டைட்டேனியம் வெளியே போயிருந்தன. சிறிய மாற்றம்தான், ஆனால் ஒரே திசையில். வறண்ட கரியமில வாயுவுக்கு இவற்றைக் கரைத்துச் சுமக்கும் திராணி கிடையாது.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நியூட்டன் அடுத்துச் செய்தது. தன் கருத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. 1998இல் அரனோவிச், ஹேன்சன் ஆகியோருடன் சேர்ந்து, கடலைவிடப் பல மடங்கு செறிந்த உப்புக் கரைசலும் ஆழத்தில் ஓடியிருக்கலாம் என்று முன்வைத்தார். உப்பு நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் பாறை வறளும். அதே கரைசல் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் சுமந்தும் செல்லும். கிரானைட் குழம்பே நீரை உறிஞ்சியது என்ற மூன்றாவது கட்சியும் ஓயவில்லை. கப்பல்துர்காவின் பக்கத்திலேயே குளோஸ்பேட் கிரானைட் நீண்டு கிடப்பதும், அதன் ஜிர்கான் வயது சார்னோகைட்டின் வயதை ஒட்டியே சுமார் 251 கோடி ஆண்டு என்று வருவதும் அவர்களுக்குச் சாதகம்.

உப்பு ஓடியிருந்தால் அதன் குளோரின் எங்காவது ஒட்டியிருக்க வேண்டும். அதைத் தேட ஏற்ற இடம் அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம். ஃபுளூரினையும் குளோரினையும் அது படிகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். ஹேன்சனும் ஹார்லோவும் 2007இல் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தார்கள். சாம்பல் நைஸ் இருக்கும் வடக்கிலிருந்து சார்னோகைட் நாடான தெற்கு நோக்கி, முழுப்பாறையோடு அபடைட், மோனசைட் மணிகளையும் வரிசையாக அளந்துகொண்டே போனார்கள். அந்தத் தெற்கில் உள்ள சேர்வராயன் மலைப் பாறைகள் ருபீடியத்தை ஏற்கெனவே பெருமளவு இழந்தவை என்பது தெரிந்த செய்தி. ருபீடியத்தைக் கொண்டுபோனது எது, குளோரினை விட்டுப்போனது எது என்ற இரண்டு கேள்வியும் ஒரே திரவத்தைக் காட்டுமா என்பதுதான் இப்போதைய வழக்கு.