பெயரில்லாத கணக்கு கணக்காகுமா?

ஒரு வீட்டுக் காரியஸ்தன் தன் எஜமானனிடம் வந்து, "இம்மாதச் செலவு ஆயிரம் ரூபாய், யார் யாருக்குக் கொடுத்தேன் என்று மட்டும் கேட்கக்கூடாது" என்று சொல்வானாயின், அவனை மறுநாளும் வேலையில் வைத்திருக்கும் எஜமானன் உண்டா? சர்க்கார் ஜனங்களின் காரியஸ்தன். கஜானாவில் உள்ளது ஜனங்களின் பணம். சர்க்கார் தஸ்தாவேஜுகள் அந்தப் பணத்தின் கணக்கு. ஆகவே அவற்றைப் பார்க்கக் கேட்பது யாசகமன்று; உடையவன் தன் உடைமையைக் கேட்பதாகும். இவ்வளவு தெளிவான நியாயம் தேச முழுவதற்கும் சட்டமாவதற்கு, சுயராஜ்யம் வந்த பிறகும் 58 வருஷங்கள் செல்ல வேண்டியிருந்தது. அங்ஙனம் அரிதிற் பெற்ற உரிமையின் உயிர்நிலையிலே இப்பொழுது கை வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்லப் புகுந்தோம்.

ரகசியம் என்பது அந்நிய ஆட்சி நமக்கு விட்டுச் சென்ற சொத்து. 1889-லும் பின்னர் 1923-லும் பிரிட்டிஷார் உத்தியோக ரகசியச் சட்டங்களைச் செய்தார்கள். பிரஜைகளை நம்பாத ஆட்சிக்கு அது இயல்பே. வியப்பு யாதெனில், 1947-இல் கொடி மாறிய பின்னும் 1923-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழியவில்லை. இன்றும் அது சட்டப் புஸ்தகத்தில் இருந்து வருகிறது. உத்தியோகஸ்தர்கள் பொதுக் காரியமாகச் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய ஜனங்களுக்கு உரிமை உண்டென்று 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. ஆனால் கோர்ட்டின் வாக்கியம் தாலுகா ஆபீஸின் அலமாரியைத் திறக்கவில்லை. அதைத் திறந்தவர்கள் வக்கீல்களல்லர். மண் சுமந்த கூலியாட்கள்.

ராஜஸ்தானத்தில் மழை பொய்த்த காலங்களில் சர்க்கார் நிவாரண வேலைகளை நடத்துவது வழக்கம். பஞ்ச நிவாரண வேலையாயினும் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1983-இலேயே தீர்ப்பளித்திருந்தது. எனினும் நாள் முழுதும் பாடுபட்டவர்களின் கைக்கு முழுக் கூலி வந்து சேரவில்லை. ஏனென்று கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், கணக்கில் அப்படியே இருக்கிறது" என்றார்கள் அதிகாரிகள். "அந்தக் கணக்கைக் காட்டுங்கள்" என்றார்கள் ஜனங்கள். "அது சர்க்கார் தஸ்தாவேஜு; உங்களுக்குக் காட்ட முடியாது" என்று பதில் வந்தது. உரிமைப் போர் இங்கேதான் பிறந்தது. 1990 மே முதல் தேதி பீம் என்னும் ஊரில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற சங்கத்தை அவர்கள் ஸ்தாபித்தார்கள். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை 1975-இல் துறந்து வந்த அருணா ராய் அம்மையாரும், நிகில் டே, சங்கர் சிங் முதலியோரும் அவர்களுடன் நின்று உழைத்தார்கள்.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட் கிரானா என்னும் கிராமத்தில் முதல் பொது விசாரணை கூடிற்று. கிடைத்த கூலிப் பட்டியல்களையும் ரசீதுகளையும் ஊரார் நடுவில் உரக்க வாசிப்பதே அவ்விசாரணையின் முறை. இந்த ஊரிலும் அடுத்தடுத்து நடந்த விசாரணைகளிலும் வெளிவந்த செய்திகள் நெஞ்சைச் சுடுவன. இறந்து போனவர்கள் பெயரில் கூலி. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் பெயரில் கூலி. கட்டப்படாத கட்டடத்துக்குச் சுண்ணாம்பும் கல்லும் வாங்கியதாக ரசீது. பட்டணத்திலுள்ள தணிக்கை அதிகாரிக்கு அந்தப் பட்டியல் வெறும் எழுத்து. கிராமத்தாருக்கோ அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் தெரிந்த முகம். "இவர் காலமாகி வருஷங்கள் ஆயினவே!" என்று சொல்ல வல்லவர் அங்கேதான் இருந்தனர். இதை நேயர்கள் மனத்தில் நன்றாக இருத்த வேண்டும். அங்கே திருட்டைக் காட்டிக் கொடுத்தது தொகையன்று, பெயர்.

தஸ்தாவேஜுகளின் நகல் கொடுக்கப்படும் என்று முதல் மந்திரி 1995 ஏப்ரலில் சட்டசபையில் வாக்களித்தார். ஒரு வருஷம் சென்றும் வாக்கு நிறைவேறவில்லை. 1996 ஏப்ரல் 6-ஆம் தேதி பியாவர் பட்டணத்தில் ஜனங்கள் தர்ணா தொடங்கினர். அது 40 நாட்கள் நடந்தது. கிராமத்தார் தானியம் கொண்டு வந்தார்கள்; கடைத்தெரு வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அவர்களுடைய கோஷம். அந்தக் கோஷம் தேசமெங்கும் பரவிற்று.

நமது தமிழ்நாடு 1997-ஆம் வருஷத்திலேயே தகவல் உரிமைச் சட்டம் செய்து மற்ற மாநிலங்களுக்கு முந்திக் கொண்டது. ஆயினும் விலக்குகள் மிகுதியாக இருந்தமையால் அதன் பயன் சொற்பமாயிற்று. 2002-இல் பார்லிமெண்டு செய்த சட்டமோ அமலுக்கே வரவில்லை. கடைசியாக 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அக்டோபர் 12-ஆம் தேதி முழு அமலுக்கு வந்தது. மனு செய்தால் 30 நாளில் பதில். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய விஷயமாயின் 48 மணி நேரத்தில். தக்க காரணமின்றிக் காலதாமதம் செய்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம். ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரை வினவும் அதிகாரம் எவருக்கும் இல்லை. உத்தியோக ரகசியச் சட்டத்தோடு முரண்படும் இடத்தில் இச்சட்டமே மேலோங்கி நிற்கும். இத்தகைய சட்டம் நமது தேசத்தில் இதற்கு முன் ஏற்பட்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். இச்சட்டத்தின் 8-ஆவது பிரிவில் தனிநபர் விவரங்களைப் பற்றிய ஒரு ஷரத்து உண்டு. பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத விவரமாயினும், அந்தரங்கத்தில் அநியாயமாகப் புகுவதாயினும் அதை மறுக்கலாம். ஆனால் பெரிய பொது நன்மை இருந்தால் கொடுக்க வேண்டும் என்பது பழைய ஷரத்து. பார்லிமெண்டுக்கு மறுக்க முடியாததைப் பிரஜைக்கும் மறுக்கலாகாது என்ற அருமையான விதியும் அதனடியில் இருந்தது. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வளவையும் அழித்துவிட்டு, தனிநபர் சம்பந்தமான விவரம் என்ற ஒரே சொற்றொடரை அங்கே வைத்தது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் அமலுக்கும் வந்துவிட்டது.

கூலிப் பட்டியலில் உள்ளது என்ன? பெயர். ரேஷன் பதிவேட்டிலும் பென்ஷன் ஜாபிதாவிலும் உள்ளது என்ன? பெயர். காண்டிராக்டரின் பில்லிலும், அதை அனுமதித்த அதிகாரியின் கையெழுத்திலும் உள்ளது என்ன? பெயரேயன்றோ! பெயரெல்லாம் தனிநபர் விவரம் என்று மனமில்லாத அதிகாரி ஒருவர் சொல்லத் துணிந்தால், இறந்தவர் கூலி வாங்கியதை இனி எந்த ஊரார் கண்டுபிடிப்பார்கள்?

எதிர்க்கட்சி வாதத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் செய்திருக்கிறார்கள். அது சரியான தீர்ப்பே. ஒருவருடைய வியாதியையும் பாங்கிக் கணக்கு நம்பரையும் தெருவில் கூற வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. ஆனால் பழைய ஷரத்தே அந்தக் காவலைச் செய்து வந்ததே! தீங்கினும் பொது நன்மை பெரிதாயின் விவரம் கொடுக்கலாம் என்ற மற்றோர் உட்பிரிவு இன்னும் இருக்கிறதென்று சர்க்கார் தரப்பார் சொல்கிறார்கள். இருப்பது உண்மை. ஆனால் அதில் எடை போடுபவர் யார்? அதிகாரியே. பொது நன்மையை எடுத்துக்காட்டும் பாரம் யார் தலையில் விழும்? மனுதாரர் தலையில். காரணம் கேட்கக்கூடாது என்று முன்வாசலில் எழுதி வைத்துவிட்டு, பின்வாசலில் காரணம் கேட்பது நியாயமாகுமா?

அந்தரங்கம் பலவீனனுக்குக் கேடயமாக இருக்க வேண்டும், பலவானுக்குத் திரையாகக்கூடாது. பொதுப் பணத்தைத் தொட்டவர் பெயரும், பொது அதிகாரத்தைச் செலுத்தியவர் பெயரும் ஒருக்காலும் அந்தரங்கமாக மாட்டா. பழைய ஷரத்தை அப்படியே திரும்ப வைப்பதே நேரான பரிகாரம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

அது வரையில் ஜனங்கள் சும்மா இருக்கலாகாது. கேளாத உரிமை துருப்பிடிக்கும். கேட்பவர் கேட்காமலே பல விவரங்களை அலுவலகங்கள் தாமே பிரசுரிக்க வேண்டுமென்று இச்சட்டத்தின் 4-ஆவது பிரிவு விதிக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள தேசத் தொண்டர்கள் அதை முதலில் கேட்கட்டும். தெரு விளக்கின் கணக்கானாலும், ஏரி தூர்வாரிய கணக்கானாலும், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதட்டும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியாவிடில் 90 நாளுக்குள் தகவல் கமிஷன். கிடைத்த தாளைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கிராம சபையிலே ஊரார் கேட்க உரக்க வாசிக்கட்டும். எழுத்தறியாத கூலியாட்கள் தேசத்துக்குக் கற்பித்த பாடம் இது. எழுத்தறிந்த நாம் அதை மறந்தோமாயின் அவர்களுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வோம்?