தொலைவில் கணிப்பொறி, அருகில் அச்சுப்பொறி

அலுவலகக் கணிப்பொறியை வீட்டிலிருந்தே இயக்குகிறீர்கள். அச்சிடும்படி கட்டளையிட்டால் தாள் எங்கே வந்து விழும்? அது நீங்கள் தெரிந்தெடுக்கும் கருவியைப் பொறுத்தது. வி.என்.சி.யின் அடிப்படை நெறிமுறையில் அச்சுக்கென வழி இல்லை. தாள் அலுவலகத்திலேயே விழும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்போ உங்கள் வீட்டு அச்சுப்பொறியையும் இணைப்பினுள் கொண்டுவருகிறது.

முன்னெல்லாம் இதற்குப் பொருத்தமான டிரைவர் தொலைக் கணிப்பொறியிலும் இருந்தாக வேண்டும். பெருந்தொல்லை! விண்டோஸ் சர்வர் 2008 இதை எளிதாக்கியது. ஆவணம் எக்ஸ்.பி.எஸ். என்னும் பொது வடிவில் வீடு வர, அங்குள்ள டிரைவரே அச்சிட்டுவிடும்.

மென்பொருள் எழுதுவோரே, ஒன்றைக் கவனியுங்கள். இவ்வாறு வரும் அச்சுப்பொறியின் பெயரோடு இணைப்பின் எண்ணும் ஒட்டிக்கொள்ளும். மறுமுறை அது மாறலாம். பெயரை நிரலில் நிலையாக எழுதிவைத்தால், நேற்று அச்சான ரசீது இன்று அச்சாகாது. ஆகவே, அச்சிடும் ஒவ்வொரு முறையும் அப்போதுள்ள அச்சுப்பொறிகளின் பட்டியலை விண்டோஸிடமே நிரல் கேட்டறியட்டும்.