செட் மாத்திரையும் சர்க்கரைக்காரர் இதயமும்

இடுப்பு பிடித்துக்கொண்டால், முழங்கால் குடைந்தால் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை. தென்னேரியிலும் காஞ்சிபுரத்தைச் சுற்றித் தறி ஓடும் ஊர்களிலும் இதற்கென்று யாரும் டாக்டரைத் தேடிப் போவதில்லை. சர்க்கரை உண்டா என்று கடைக்காரர் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. காகித உறையில் பெயர் தெரியாமல் வெட்டிப் போட்ட மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று அநேகமாக இருக்கும். ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் சர்க்கரை ஏறும்.

இந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சர்க்கரையால் முன்பே தளர்ந்த இதயத்துக்கு இது கூடுதல் சுமை. டென்மார்க்கில் 3,31,189 சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளை அலசி 2023இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரைகளைக் குறுகிய காலம் சாப்பிட்டவர்களுக்கே இதயச் செயலிழப்பால் முதன்முறை மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கானது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இன்னும் அதிகம். வலியோடு இருப்பவர் ஏற்கெனவே நோயாளிதானே, மாத்திரையை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். ஒரே நோயாளி மாத்திரை சாப்பிட்ட நாட்களையும் சாப்பிடாத நாட்களையும் ஒப்பிட்ட ஆய்வு இது என்பதால் அந்த வாதம் பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. இதய நோய் உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது.

வலி மாத்திரை அழற்சியைக் குறைப்பதுதானே, அழற்சியைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று செய்தி வந்ததே என்பார்கள். அது கோல்கிசின் என்ற வேறு மருந்து. மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் அது பலன் தந்தது. 2024இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் தரவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் பலரைச் சேர்த்து மெத்தோட்ரெக்சேட் என்ற இன்னொரு அழற்சி குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்விலும் பலனில்லை. கோல்கிசினையும் சிறுநீரகம் கெட்டவர் தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. இதய டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

வலியோடு குழித்தறியில் எப்படி உட்காருவது என்ற கேள்வி நியாயமானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் பலரும் இதைக் கேட்பதே இல்லை, கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் கொண்டுபோங்கள். எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் மாத்திரையும் எடுப்பவர் வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். பாரசிட்டமால் போதுமா, எத்தனை வேளை என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

டைக்ளோஃபெனாக் மாத்திரை அட்டவணை எச் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது மருந்து விதிகளுக்கு விரோதம். அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை என்பதால் விதி இல்லாமல் போய்விடாது. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி உள்ள பில்லைக் கேளுங்கள். உறையில் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். பில் தர மறுத்தால் கடைப் பெயர், தேதி, நேரம் எழுதி உங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்கும், சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கும் ஸ்பீட் போஸ்டில் புகார் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகாருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பதியலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், பேட்ச் எண் அதிலும் இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது கால் வீக்கம். இதயம் தளர்ந்து நீர் கோத்த காலை, தறி மிதித்த வீக்கம் என்று நினைத்து இன்னொரு செட் வாங்குகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பே நெஞ்சு வலி இல்லாமல் வரலாம். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சில நாளில் எடை கூடினாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்குவது கூடினால் மெடிக்கலுக்குப் போகாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.