தனித்து நிற்கும் தீவுக்கு மருந்து எட்டாது

விற்பவர் சிலராகவும் வாங்குவோர் பலராகவும் இருக்கும் சந்தையில் விலையை விற்பவரே தீர்மானிப்பார். வகுப்பறையில் பல்லாண்டுகள் கரும்பலகையில் கோடுகளாக வரைந்து இதை விளக்கியிருக்கிறேன். அக்கோடுகளில் மனித உயிர்களும் அடங்கியிருப்பதை எனக்கு உணர்த்தியவை கரீபிய நாடுகள்.

2001-இல் அந்நாடுகள் எச்ஐவி, எய்ட்ஸுக்கு எதிராக 'பான்கேப்' என்னும் கூட்டமைப்பை உருவாக்கின. சில பத்தாயிரம் மக்களே வாழும் ஒரு தீவு தனித்துப் பேரம் பேசினால் எந்த நிறுவனமும் செவிசாய்க்காது. சேர்ந்து பேசியதால், 2002-இல் ஆறு மருந்து நிறுவனங்கள் விலைக் குறைப்புக்கு இசைந்தன. கிழக்குக் கரீபிய நாடுகள் 1986 முதலே பொதுவான மருந்துகளைக் கூட்டாகக் கொள்முதல் செய்து வந்த அனுபவம் இதற்கு முன்னோடி.

இன்னொரு காரணமும் உண்டு. பிழைப்புக்காகத் தீவுவிட்டுத் தீவு செல்வோர் பலர். ஒரு நாடு சிகிச்சையில் சிக்கனம் பிடித்தால் அதன் சுமை அண்டை நாட்டின் மீதும் விழும். தொடர்சிகிச்சையால் ரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து பாலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. எனவே, அயல்நாட்டுத் தொழிலாளிக்கு மருந்தளிப்பது தன் குடிமக்களையும் காக்கும் செலவே.

2017-இல் ஆறு கரீபியப் பகுதிகள் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால், தனிநபர் வருமானம் உயர உயர, பன்னாட்டு நிதியுதவி பெறும் தகுதி சுருங்குகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது மற்றோர் எச்சரிக்கை.

நன்கொடை வற்றிப்போகலாம்; கூட்டாகப் பேரம் பேசும் வலிமை அந்நாடுகளின் சொந்தச் சொத்து. அதையும் கைவிட்டால், விலை நிர்ணயம் மீண்டும் விற்பவர் கைக்கே போய்விடும்.