உலக்கை ஓய்ஞ்சது, சாமையும் போச்சு



ஏற்காடு டவுனிலிருந்து தள்ளி, காபித் தோட்டங்களுக்கு நடுவுல இருக்கிற தலைச்சோலை மலைக்கிராமம் எங்களது. எனக்கு வயசு 71. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுறா. அங்கங்க அவ திருத்தியிருப்பா, ஆனா சேதி என்னோடதுதான்.

இந்தக் கார்த்திகையில எங்க 40 சென்ட் மேட்டுக்காட்டுல இருந்து 130 கிலோ சாமை வீட்டுக்கு வந்திருக்கு. இது ஒரு விளைச்சலான்னு கீழ்நாட்டுக்காரங்க கேக்கலாம். 24 வருசம் சாமையே விதைக்காம இருந்த குடும்பம் எங்களது. அதனால எங்களுக்கு இது பெரிய விளைச்சல்.

இப்ப சிறுதானியத்தைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாக் கொண்டாடுச்சு. மலைக்கு வர்றவங்களும், "ஏன் ஆயா, நல்ல தானியத்தை விட்டுட்டீங்க?"ன்னு கேக்குறாங்க. காபி வந்ததால, ரேஷன் அரிசி வந்ததால, சின்னப் பசங்க விரும்பாததாலன்னு பதிலையும் அவங்களே சொல்லிடுறாங்க. அதுல பொய் இல்லை. ஆனா எங்க வீட்டுல சாமை நின்னதுக்குக் காரணம் வேற. அதை நான் இத்தனை வருசம் யார்கிட்டயும் சொன்னதில்லை.

மாசம் இல்லாத வேலை

எங்க மலையில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாசம் உண்டு. மாசி, பங்குனியில ஒரு நல்ல மழை விழுந்தா அதைப் பூமழைன்னு சொல்வோம். மழை விழுந்து எட்டுப் பத்து நாள்ல காபிச்செடி அத்தனையும் ஒண்ணாப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம் வரும், தோட்டம் முழுக்கத் தேனீ இரையும். "அந்த மூணு நாலு நாளைக்குச் செடிக்குள்ள போகாதே, பூ உதிர்ந்துடும்"னு என் மாமியார் சொல்லும். பூ நேரத்துல எந்த மருந்தும் அடிக்கக்கூடாதுன்னு இப்பப் படிச்சவங்க சொல்றாங்க. மாமியார் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

சித்திரையில உழவு. எங்க காடு சரிவு நிலம், டிராக்டர் ஏறாது, மாட்டு ஏர்தான். வைகாசியில சேர்வராயன் கோயில் திருவிழா. மலை உச்சியில குகைக்குள்ள சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்காங்க. மலையில இருக்கிற சனமெல்லாம் அங்க கூடும். அது முடிஞ்சு மழை பிடிச்சா ஆனி கடைசியில சாமை விதைப்பு. ஆவணியில களை. புரட்டாசியில விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் கிளியும் குருவியும் ஓட்டணும். ஐப்பசி, கார்த்திகையில அறுப்பு. அண்ணாமலையாருக்குத் தீபம் ஏத்துற நேரத்துல புதுச் சாமை பானையில இருக்கும். அப்புறம் தை வரைக்கும் காபிப் பழம் பறிக்கணும், அதுக்குப் பின்னால மிளகு.

சாமை குத்துற வேலைக்கு மட்டும் மாசம் கிடையாது. வருசத்துல எல்லா நாளும் அந்த வேலை உண்டு.

நான் கட்டிக்கிட்டு வந்தப்போ எனக்கு 17 வயசு. வீட்டுல ஒன்பது பேரு. நாளைக்கு மூணு படி சாமை குத்தணும். சாமை அவ்வளவு லேசுல தோலை விடாது. காயவெச்சு, உரல்ல போட்டுக் குத்தி, புடைச்சு, தோல் போகாததைத் திரும்ப உரல்ல போட்டுக் குத்தணும். விடியக்காலையில நாலு மணிக்கு மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிப்போம். ரெண்டு உலக்கையும் மாத்தி மாத்தி விழும். பேச்சு இருக்காது, மூச்சுச் சத்தம்தான். ஒன்பது மாசப் பிள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டும் உலக்கை பிடிச்சிருக்கேன். அன்னைக்கு அது பெரிய விசயமாத் தெரியல. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்.

மாமியார் இறந்த பிறகு உரல்ல ஒரு உலக்கை மட்டும்தான் விழுந்தது. மூணு படியும் நான் ஒருத்தியே குத்தணும். பகலெல்லாம் எஸ்டேட்டுல காபி பறிச்சு, வலது மணிக்கட்டு வீங்கிப்போச்சு. ராத்திரியில தண்ணிச் சொம்பைக்கூடப் பிடிக்க முடியாது. 1997-ல ஒருநாள் உலக்கையைச் சாத்தி வெச்சுட்டு எங்க வீட்டுக்காரர்கிட்ட, "இனிமே என்னால ஆகாது"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. ரேஷன் அரிசி மலிவாக் கிடைச்ச காலம். அடுத்த ஆனியில அவரு சாமை விதைக்கல. மேட்டுக்காடு தரிசாச்சு.

விதை சுரைக்குடுக்கையில அடுப்புக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்தது. மூணு நாலு வருசம் கழிச்சு எடுத்துப் பார்த்தேன். கொஞ்சத்தை ஈரத்துணியில கட்டி வெச்சேன், ஒண்ணுகூட முளைக்கல. மாமியாரும் அவங்க மாமியாரும் கைமாத்திக் கைமாத்திக் கொடுத்த விதை அது. கோழிக்குப் போட்டேன். அன்னைக்குச் சோறு இறங்கல.

சாமிக்குக் கடை மாவு

சேர்வராயனுக்கு எங்க வீட்டு மாவிளக்கு சாமை மாவுலதான் போடுவோம். விதை போன பிறகு சேலத்துல கடையில பாக்கெட் சாமை வாங்கினேன். வெள்ளை வெளேர்னு தீட்டின சாமை, வாசமே இல்லை. அப்புறம் அதையும் விட்டுட்டு ரேஷன் அரிசியிலயே மாவிளக்கு போட்டேன். 2011-ல இருந்து அந்த அரிசியும் இலவசமாச்சு.

சாமி கோவிச்சுக்கிட்டதா எனக்குத் தோணல. கொண்டு வந்த கையைத்தான் சாமி பார்க்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஆனா குகைக்குள்ள குனிஞ்சு போறப்ப ஒவ்வொரு வருசமும் எனக்குக் கூசும். நம்ம காட்டுல விளைஞ்சதுன்னு சொல்லிக்க அந்தத் தட்டுல ஒண்ணுமே இல்லை. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை இங்க காபியைக் கொண்டு வந்தாரு. அந்தக் காபிதான் எங்களுக்குக் காசு தருது, குறை சொல்ல மாட்டேன். ஆனா காபியில மாவிளக்கு போட முடியாதே.

கொல்லிமலையில பார்த்தது

காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்து, பெரியவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், சின்னவர் கொல்லிமலைக்கும் போனாங்கன்னு எங்க சனத்துல கதை சொல்வாங்க. அந்த உறவுலதான் என் மகளைக் கொல்லிமலையில கட்டிக் கொடுத்தேன். ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அங்க 70 வளைவு ஏறணும். வருசத்துக்கு ஒருதடவை போய் வர்றதே பெரிசு.

கொல்லிமலையிலயும் சாமைக் காடெல்லாம் மரவள்ளிக் கிழங்குக்கு மாறினதுதான். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேணும், உடனே காசு. ஆனா அங்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1990-கள்ல இருந்து சிறுதானியத்துக்காக வேலை பார்த்திருக்காங்க. விதை சேர்த்தாங்க, விதையை ஊருக்குள்ளயே சேமிச்சு வைக்க வழி செஞ்சாங்க. அதோட நிக்காம, தோல் நீக்குற சின்ன மில்லைச் சில ஊர்கள்ல கொண்டு வந்து மகளிர் குழுக்கள் கையில கொடுத்தாங்க.

2020 மார்கழியில போயிருந்தப்ப அந்த மெஷினைப் பார்த்தேன். சம்பந்தியம்மா ஒரு மூட்டை சாமையைக் கொடுத்துட்டு உக்காந்து வெத்தலை போட்டாங்க. வெத்தலை மென்னு முடிக்கிறதுக்குள்ள நான் பாதி நாள் குத்துற அளவுக்கு அரிசி வந்து விழுந்தது. நான் மில் வாசல்லயே உக்காந்து அழுதுட்டேன். "ஏன் சம்பந்தி அழுவுறீங்க?"ன்னாங்க. "இது 1997-ல எங்க ஊர்ல இருந்திருந்தா என் விதை செத்திருக்காதே"ன்னேன்.

திரும்பி வர்றப்ப ஒரு படி விதைச் சாமையை மடியில கட்டி அனுப்பினாங்க. "ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பிக் கொடுங்க, போதும்"னாங்க. நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ பாரம்பரிய நெல் கொடுத்து, அடுத்த வருசம் 4 கிலோவாத் திருப்பி வாங்கினாரில்ல, அதே கணக்கு.

முதல் வருசம் படிச்ச பாடம்

2021-ல நானும் மருமகளும் தரிசைக் கொத்தி விதைச்சோம். தரிசு திருத்தவே நாளாகி, ஆடி கடைசிக்குப் போயிடுச்சு. பிந்தி விதைச்ச சாமையைக் குருத்து ஈ விடாது. நடுக்குருத்து காய்ஞ்சு, இழுத்தா கையோட வந்துச்சு. கையால வீசி விதைச்சதால களை எது, பயிர் எதுன்னு மருமகளுக்குத் தெரியல. மிச்சத்தைக் கிளி தின்னுச்சு. 9 கிலோதான் கிடைச்சது. அதை அப்படியே விதைக்கு வெச்சோம். அதுக்குப் பிறகு நாங்க மாத்திக்கிட்டது இதுதான்:

• ஆனி முடியுறதுக்குள்ள விதைப்பு. மழையைப் பார்த்து ஒரு வாரம் முன்னப்பின்ன ஆகலாம், ஆடி கடைசிக்குத் தள்ளக்கூடாது.

• வீசாம, ஒரு சாண் இடைவெளியில வரிசை போட்டு விதைக்கிறோம். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். வரிசையா இருந்தா களைக்கொத்து ஓட்டலாம், குனிஞ்சு பிடுங்குற வேலை பாதியாகுது.

• நடுநடுவுல துவரை, மொச்சை. சாமை அறுத்த பிறகும் காடு மூடியிருக்கும், மண்ணும் சரிவுல ஓடாது.

• விதைக் கதிரை அறுப்புக்கு முன்னாலயே நிக்கிற பயிர்ல பார்த்துத் தனியா எடுத்துடுறோம். நல்லாக் காயவெச்சு, சாம்பலும் நொச்சி இலையும் போட்டுச் சுரைக்குடுக்கையில கட்டி வைக்கிறோம். ஒரே குடுக்கையை நம்பாம, ரெண்டு வீட்டுல கொடுத்து வைக்கிறோம்.

• தோல் நீக்கின அரிசியைச் சேர்த்து வைக்கிறதில்லை. தோல் இருக்கிற வரைக்கும் சாமை கெடாது, நீக்கினா சிக்கு வாடை வந்துடும். 15 நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறோம். வெள்ளையாத் தீட்ட வேண்டாம்.

மகனோட கணக்கு

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்தது. வெளியூர்க்காரர் ஒருத்தர் மேட்டுக்காட்டைப் பார்த்துட்டு, தங்குற காட்டேஜ் கட்டக் குத்தகைக்குக் கேட்டாரு. மகனுக்கு ஆசை. அவனைத் தப்பு சொல்ல மாட்டேன், ரெண்டு பிள்ளைங்களைச் சேலத்துல படிக்க வைக்கிறான். "9 கிலோ சாமைக்கா அந்தக் காட்டை வெச்சுக்கிட்டு இருக்கணும்மா?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

மருமகதான் பேசுனா. "காட்டை வெச்சுக்கலாங்க. ஆனா அத்தை மாதிரி நான் உரல்ல குத்த மாட்டேன். மெஷின் வந்தா விதைக்கலாம், இல்லைன்னா குத்தகைக்கு விட்டுடுங்க"ன்னா. 1997-ல நான் சொல்லத் தெரியாம விட்ட வார்த்தை அது. எனக்கு உலக்கையைச் சாத்தத்தான் தெரிஞ்சது, மெஷின் கேக்கத் தெரியல.

மகன் ரெண்டு நாள் பேசல. அப்புறம், "மூணு வருசம் பார்க்கலாம்"னான். எங்க மகளிர் குழுவுல கடன் போட்டு, அவனும் மிளகு வித்த காசுல கொஞ்சம் போட்டு, தோல் நீக்குற சின்ன மெஷின் ஒண்ணு வாங்கினோம். அதுக்குப் பிறகு இன்னும் நாலு வீட்டுல சாமை விதைச்சிருக்காங்க. அவங்க விதைச்சது நாங்க கொடுத்த விதையைப் பார்த்து இல்லை, அந்த மெஷினைப் பார்த்துதான்.

அவன் சொன்ன மூணு வருசம் இந்த அறுப்போட முடியுது. 130 கிலோவுல சம்பந்தியம்மாவுக்கு ரெண்டு படியை முதல் வருசமே கொடுத்திருக்கணும், இந்த வருசம் நாலு படியா அனுப்பியாச்சு. விதைக்கு எடுத்தது போக மிச்சம் வீட்டுச் சாப்பாட்டுக்கு. விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை. குத்தகைப் பேச்சு முழுசா ஓய்ஞ்சுடுச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். தை மாசம் மகன் மறுபடி கணக்குப் பார்ப்பான். ஆனா போன வாரம் அவனே களத்துல நின்னு, "அடுத்த வருசம் பக்கத்து 20 சென்ட்டையும் சேர்த்து உழுதுடலாமா?"ன்னு கேட்டான். நான் பதில் சொல்லல, மருமகளைக் கை காட்டினேன்.

சிறுதானியத்துக்குத் திரும்பணும்னு நினைக்கிற தம்பிகளுக்கு இந்த ஆயா சொல்ல ஒண்ணுதான் இருக்கு. விதை எங்க கிடைக்கும், சந்தை எங்க இருக்குன்னு கேக்குறீங்க, நல்லது. அதுக்கு முன்னால வீட்டுக்குள்ள போய், "இதை அரிசியாக்குற வேலை யார் தலையில விழும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. பக்கத்துல மில் இல்லைன்னா பத்து வீடு சேர்ந்து மெஷினுக்கு வழி பண்ணுங்க. அதுக்குப் பிறகு விதைங்க.

வர்ற வைகாசிக்குச் சேர்வராயனுக்கு ஒரு படி சாமையைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். மாவிளக்குக்கான மாவை மட்டும் உரல்லயே இடிக்கலாம்னு பேத்தி சொல்றா. சாத்தி வெச்ச ரெண்டு உலக்கையும் இன்னும் மூலையில இருக்கு. ஒருநாள்தானே, ஆளுக்கொண்ணாப் பிடிப்போம்.