கன்னப்பைக்குள் நுழையும் கை

இலங்கையின் ஹக்கல பூங்காவுக்கு வருகிறவர்களின் கையிலிருப்பதைத் தட்டிப் பறிக்கும் ரிலவாக் குரங்கைப் பார்த்தால் அச்சம் அறியாத பிராணி என்றுதான் தோன்றும். தன் கூட்டத்துக்குள் அது அப்படியில்லை. 1968இல் பொலன்னறுவையில் இந்த இனத்தை ஆராயத் தொடங்கிய வொல்ஃப்காங் டிட்டஸ் பதிவுசெய்த காட்சி இது: தாழ்ந்த நிலையிலுள்ள குரங்கு கிடைத்த பழத்தைக் கன்னப்பைக்குள் அடக்கிக்கொள்கிறது, உயர்நிலைக் குரங்கு வந்து, அதன் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துத் தின்கிறது. பெண்குட்டிக்குத் தாயின் அந்தஸ்துதான் சீதனம். அடுத்தவரின் பார்வைக்கு அஞ்சிப் பின்வாங்கும் இந்த உயிரைச் சமூகப் பதற்றக் கோளாறுக்கு மாதிரியாகக் கொள்ளலாமா? பாதிதான் கொள்ளலாம் என்பது என் கட்சி. அந்தப் பாதியும் சாதாரணமானதல்ல.

குரங்குக்கு முன், ஆய்வுகூடச் சுண்டெலியின் சான்றைப் பாருங்கள். ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட முறையில், சுண்டெலி இன்னொரு சுண்டெலியை மோந்துபார்க்க நெருங்கும்போது காலில் இலேசான மின்னதிர்ச்சி படும். பிறகு அது தன் இனத்தைக் கண்டாலே ஒதுங்குகிறது. மறுநாள் அதிர்ச்சி கிடையாது. புதிய எலிகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். பயம் எத்தனை சந்திப்பில் கரைகிறது என்று அளக்கிறார்கள். இந்நோயுள்ள மனிதருக்குக் கொடுக்கும் பரொக்செட்டின் மாத்திரை எலியின் ஒதுங்கலையும் குறைத்தது. ஆகவே, அஞ்சும் மூளையின் இயந்திரம் இருவருக்கும் ஓரளவு பொது என்று நம்ப இடமிருக்கிறது.

எலிக்கு ஏது வெட்கம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே இந்த நோயின் கரு. கல்யாண வீட்டுப் பந்தியில் கை நடுங்குமோ என்று சாப்பிடாமல் திரும்புகிறவரை எந்த எலியும் பிரதிநிதித்துவம் செய்யாது. எலியிடம் எண்ணத்தைத் தேட முடியாது, தவிர்ப்பைத் தேடலாம். ஆபத்து நீங்கிய பிறகும் ஒதுங்குவது ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்கு அது போதும்.

குரங்கைப் பற்றிய ஆட்சேபணை இதைவிட வலுவானது. கன்னப்பைக்குள் விரல் நுழைவது நிஜம். அந்தக் குரங்கின் பயம் கோளாறல்ல, சரியான கணிப்பு. இதைத்தான் நமது தேயிலைத் தோட்டங்களில் மறந்துவிடுகிறோம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் துரையின் முன்னால் தலை குனிந்து நின்ற தலைமுறைகளை ‘கூச்ச சுபாவம்’ என்று சொல்லிவிடுவது எளிது. பெயர் வெட்டப்பட்டால் அன்றைய சம்பளம் போகும் என்ற கணக்கு அந்தக் குனிவுக்குள் இருந்தது. லயத்துப் பிள்ளை ஹட்டனில் சகமாணவர் நடுவே, கேலி செய்ய ஒருவரும் இல்லாதபோதும், வாய் திறக்க முடியாமல் வியர்த்தால் அது வேறு விஷயம். அங்கே வைத்தியரும் பயிற்சியும் உதவலாம். இரண்டையும் ஒரே மாத்திரையால் தீர்க்கப் பார்க்கிறவர், ஆய்வுகூடத்தில் சிகிச்சை எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: முதலில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், பிறகுதான் புதிய எலியை உள்ளே விடுகிறார்கள்.